ரீடைரக்டில் தொலையும் பயனர் பெயர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது. அப்பாச்சி சர்வர் அதைச் சரிபார்த்து உள்ளே விட்டும்விட்டது. ஆனால் பின்னால் ஓடும் பிஎச்பி நிரல் ரிமோட்_யூசர் என்ற மாறியைப் படித்தால் அது காலியாக இருக்கிறது. வந்தவர் யாரென்று தெரியாததால் நிரல் மறுபடி லாகின் பக்கத்துக்கு அனுப்புகிறது. லாகின் பக்கமோ, ஏற்கெனவே லாகின் ஆனவர்தானே என்று நிரலுக்கே திருப்பி அனுப்புகிறது. இரண்டுக்கும் நடுவே அலைந்த பிரவுசர், ரீடைரக்ட் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று கைவிரிக்கிறது.

வெப் சர்வரைப் பராமரிக்கும் எவருக்கும் இந்தச் சிக்கல் ஒருநாள் வந்தே தீரும். தீர்வும் பெரும்பாலும் ஓரிரு வரிகள்தான். கவலை எங்கே என்றால், தவறான ஓரிரு வரிகளும் பார்வைக்கு அதே பலனைத் தந்துவிடும். லாகின் நடக்கும், புகார் நின்றுவிடும், ஆனால் யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் நுழையும் வழி திறந்து கிடக்கும். ஆகவே கீழே உள்ள எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் பாருங்கள்: பெயர் அப்ளிகேஷனுக்குப் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. அதைச் சரிபார்த்த சர்வரிடமிருந்தே போய்ச் சேர வேண்டும்.

செய்ய வேண்டியவை

நடந்தது எந்த வகை ரீடைரக்ட் என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒரே சொல்லால் சொன்னாலும் இவை இரண்டு வேறு காரியங்கள். ஒன்று வெளியே நடப்பது. சர்வர் 301 அல்லது 302 என்று பதில் சொல்லி, லொகேஷன் ஹெடரில் புது முகவரியைத் தருகிறது. பிரவுசர் அந்த முகவரிக்குப் புதிதாக ஒரு கோரிக்கை அனுப்புகிறது. மற்றது உள்ளே நடப்பது. பிரவுசருக்குத் தெரியாமல், சர்வரே ஒரு முகவரிக்கு வந்த கோரிக்கையை வேறொரு கோப்புக்கு மாற்றிவிடுகிறது. எல்லா முகவரிகளையும் ஒரே இன்டெக்ஸ் கோப்புக்கு அனுப்பும் .எச்டிஆக்சஸ் விதி செய்வது இதைத்தான்.

பிரித்தறிவது எளிது. கர்ல் கருவியை விவரமாகக் காட்டும் முறையில் ஓட்டி, பதிலின் முதல் வரியைப் பாருங்கள். 3 என்று தொடங்கும் எண் வந்து, லொகேஷன் ஹெடர் லாகின் பக்கத்தைக் காட்டாவிட்டால் வெளி ரீடைரக்ட். நேரே 200 வந்தும் பெயர் இல்லை என்றாலோ, பெயர் இல்லையென்று நிரலே லாகினுக்கு அனுப்பினாலோ, தொலைந்தது சர்வருக்குள். இதைப் பார்க்காமல் எந்த வரியையும் மாற்ற வேண்டாம். உள்ளே தொலைந்ததற்குக் குக்கீயைத் திருத்துவதும், வெளியே தொலைந்ததற்கு உள்ளே முகவரியை மாற்றும் மாட்_ரீரைட் விதியைத் திருத்துவதும் வீண் உழைப்பு.

உள்ளே தொலைந்திருந்தால், அதே பெயர் முன்னொட்டோடு இருக்கிறதா என்று தேடுங்கள். அப்பாச்சியில் உள் ரீடைரக்ட் நடந்தால் அது புதிய கோரிக்கையாகவே கணக்கில் வருகிறது. பழைய கோரிக்கையின் சூழல் மாறிகள் அழிவதில்லை. 'ரீடைரக்ட்_' என்ற முன்னொட்டு சேர்ந்து பெயர் மாறிவிடுகின்றன, அவ்வளவுதான்.

பயனர் பெயருக்குத் தனி நடைமுறை உண்டு. புது இடத்துக்கும் பழைய இடத்துக்கும் ஒரே அமைப்பு விதிகள் என்றால், பெயர் அப்படியே நகலெடுக்கப்படுகிறது. விதிகள் வேறாக இருந்தால் சரிபார்ப்பு மறுபடி முதலிலிருந்து நடக்கிறது. புது இடத்தில் பாஸ்வேர்டு கேட்கும் விதியே இல்லையென்றால் சரிபார்க்கவும் ஒன்றுமில்லை, பெயரும் இல்லை. அப்போது அப்பாச்சி முந்தைய கோரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்து, எதிலாவது பெயர் இருந்தால் அதை ரீடைரக்ட்_ரிமோட்_யூசர் என்ற மாறியில் வைக்கிறது.

பெரும்பாலான வழக்குகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். நிர்வாகப் பகுதியின் முகவரிக்கு மட்டும் பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள். விதிப்படி அந்தக் கோரிக்கை மேல்நிலையில் உள்ள இன்டெக்ஸ் கோப்புக்குப் போகும். அங்கே பாஸ்வேர்டு கிடையாது. நிரல் ரிமோட்_யூசரைத் தேடி ஏமாறும், பெயர் பக்கத்து மாறியில் காத்திருக்கும். நிரல் முதலில் ரிமோட்_யூசரைப் பார்த்து, காலியாக இருந்தால் முன்னொட்டு உள்ள மாறியைப் பார்க்கும்படி செய்தால் தீர்ந்தது.

இது பாதுகாப்பானதா என்று கேட்பது நியாயம். பாதுகாப்பானதுதான். கன்டென்ட்-டைப், கன்டென்ட்-லெங்த் என்ற இரண்டைத் தவிர, பிரவுசர் அனுப்பும் எந்த ஹெடரும் நிரலுக்குப் போகும்போது 'எச்டிடிபி_' என்ற முன்னொட்டோடுதான் போகும். அந்த முன்னொட்டு இல்லாத மற்ற மாறிகளைச் சர்வரால் மட்டுமே வைக்க முடியும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி தேவைப்படும்.

போய்ச் சேரும் இடத்தையும் பூட்டுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. நிர்வாகப் பகுதியின் முகவரிக்குத்தான் பாஸ்வேர்டு. இன்டெக்ஸ் கோப்பின் பெயரையும் அதன் பின்னால் நிர்வாகப் பகுதியின் பாதையையும் சேர்த்து ஒருவர் நேரே தட்டினால் என்ன ஆகும்? பாதை விதி பொருந்தாது, பாஸ்வேர்டும் கேட்காது, நிரலோ அதே பக்கத்தைக் காட்டக்கூடும். பெயர் இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டாமல் மறுக்க வேண்டும் என்ற கட்டளை நிரலிலேயே இருக்க வேண்டும். முடிந்தால் பாஸ்வேர்டு விதியையே தளம் முழுவதற்கும் விரித்துவிடுங்கள். அப்படிச் செய்தால் பெயர் தொலையும் சிக்கலும் பல நேரங்களில் தானாகவே தீரும்.

ஆத்தரைசேஷன் ஹெடர் தேவையென்றால் அதற்கென்று உள்ள வழியில் கேளுங்கள். சில அப்ளிகேஷன்களுக்குச் சர்வர் சரிபார்த்த பெயர் போதாது. ஹெடரையே படித்துத் தாங்களே சரிபார்க்கும், டோக்கனை ஏற்கும் ஏபிஐகள் இந்த வகை. ஆனால் அப்பாச்சி அந்த ஹெடரை சிஜிஐ நிரல்களுக்கு இயல்பாகத் தருவதில்லை. ஒரே கணினியில் பலருடைய நிரல்கள் ஓடும்போது, ஒருவரின் நிரல் மற்றவரின் பாஸ்வேர்டைப் படித்துவிடக் கூடாது என்பதற்கான தடுப்பு இது. மூல நிரலில் அந்தத் தடுப்பை நீக்கும் விருப்பத்துக்கு 'பாதுகாப்பு ஓட்டை' என்றே பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மாட்_பிஎச்பியில் நன்றாக ஓடிய தளம், ஃபாஸ்ட்சிஜிஐ முறைக்கு மாறிய அன்றே லாகினை மறந்துபோவதற்கு இதுதான் காரணம். அப்பாச்சி 2.4.13 முதல் 'சிஜிஐபாஸ்ஆத்' என்ற கட்டளை இருக்கிறது. தேவைப்படும் அடைவுக்கு மட்டும் அதை இயக்கினால் போதும். பைத்தான் நிரலை மாட்_டபிள்யூஎஸ்ஜிஐ வழியாக ஓட்டுபவர்களுக்கு 'டபிள்யூஎஸ்ஜிஐபாஸ்ஆத்தரைசேஷன்' என்று தனிக் கட்டளை உண்டு. பழைய வழிகாட்டிகள் சொல்லும் ரீரைட் விதியும் வேலை செய்யும். ஆனால் அது வைக்கும் மாறியே உள் ரீடைரக்டில் சிக்கி, முன்னொட்டு சேர்ந்து வேறு பெயரில் போய்ச் சேரும். ஒன்றைத் தீர்க்கப் போய் அதே சிக்கலை மறுபடி சந்திப்பவர்கள் இதனால்தான் சந்திக்கிறார்கள்.

மாட்_ரீரைட் விதிக்குள் பயனர் பெயரைப் பயன்படுத்தினால், விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முதன்மை அமைப்புக் கோப்பில் எழுதிய விதி, பாஸ்வேர்டு சரிபார்ப்புக்கு முன்பே ஓடிவிடும். அப்போது பெயர் இன்னும் பிறக்கவே இல்லை. .எச்டிஆக்சஸில் எழுதியது சரிபார்ப்புக்குப் பின் ஓடுவதால் அங்கே பெயர் கிடைக்கும். முதன்மைக் கோப்பிலேயே வேண்டுமென்றால் 'எல்ஏ-யு' என்ற முன்னோக்கிப் பார்க்கும் வடிவம் இருக்கிறது. விதி நடப்பதை லாகில் பார்க்க, 2.4 வரிசையில் லாக் அளவை ரீரைட் பகுதிக்கு மட்டும் 'டிரேஸ்3' என்று உயர்த்தலாம். வேலை முடிந்ததும் மறக்காமல் இறக்கிவிடுங்கள்.

லாகில் முதல் கோரிக்கையின் பெயரையும் எழுதச் செய்யுங்கள். வழக்கமான லாக் வடிவத்தில் உள்ள '%யு' என்பது கடைசியில் போய்ச் சேர்ந்த கோரிக்கையின் பயனரைக் காட்டுகிறது. உள் ரீடைரக்ட் பாஸ்வேர்டு இல்லாத இடத்தில் முடிந்தால் அங்கே வெறும் கோடுதான் விழும். நடுவே '<' குறியைச் சேர்த்து '%<யு' என்று எழுதினால் முதலில் சரிபார்க்கப்பட்ட பெயர் கிடைக்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் செய்து பாருங்கள். ஒன்றில் பெயரும் மற்றதில் கோடும் இருந்தால் சிக்கல் எங்கே என்பதற்குச் சான்று கையில் வந்துவிட்டது. இத்தனை உதவியான குறி ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுகிறது என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

வெளி ரீடைரக்ட் என்றால் தொடக்க முகவரியையும் முடிவு முகவரியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா, முன்னால் டபிள்யூ மூன்றும் உண்டா, போர்ட் எண் என்ன. இவற்றில் ஒன்று மாறினாலும் பிரவுசரின் கண்ணில் அது வேறு தளம். ஒரு தளத்துக்குத் தந்த பாஸ்வேர்டை இன்னொன்றுக்கு அது அனுப்பாது, அனுப்பவும் கூடாது. தளத்தின் பெயர் குறிப்பிடாமல் வைத்த குக்கீயும் அப்படித்தான், வைத்த ஹோஸ்டுக்கு மட்டுமே திரும்பி வரும்.

இதில் அதிகம் பேரை அலைக்கழிப்பது கடைசிச் சாய்கோடு. அடைவின் பெயருக்குப் பின் சாய்கோடு இல்லாமல் தட்டினால், அப்பாச்சி அதைச் சேர்த்து 301 அனுப்பும். முன்னால் ஒரு பிராக்ஸி எச்டிடிபிஎஸ்ஸை முடித்துவைத்து, உள்ளே வெறும் எச்டிடிபியில் பேசினால், அப்பாச்சி தானும் எச்டிடிபியில் இருப்பதாகவே நம்பிப் புது முகவரியை எச்டிடிபி என்று எழுதிவிடும். செக்யூர் குறி வைத்த குக்கீ அந்தக் கோரிக்கையோடு போகாது. சர்வர்நேம் கட்டளையில் எச்டிடிபிஎஸ் என்பதையும் சேர்த்து எழுதினால் இது சரியாகும். என்ஜின்எக்ஸ் சர்வரில் முழு முகவரிக்குப் பதில் பாதையை மட்டும் அனுப்பும்படி 'ஆப்சல்யூட்_ரீடைரக்ட்' விருப்பத்தை அணைக்கலாம்.

எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றும் விதியை 80 போர்ட்டின் தனிப் பகுதியில் எழுதுங்கள். அதே விதியை .எச்டிஆக்சஸில் பாஸ்வேர்டு விதியோடு வைத்தால், சரிபார்ப்பு முதலில் நடக்கும், மாற்றம் பிறகுதான். பாஸ்வேர்டு இரண்டு முறை கேட்கப்படும். அதில் முதல் முறை மறைகுறியாக்கம் இல்லாத இணைப்பில். பயனர்கள் இரண்டு முறை தட்டுவது தொல்லை என்று மட்டும் புகார் சொல்வார்கள். உண்மையான இழப்பு அந்த முதல் முறையில் நடந்துவிடுகிறது.

படிவம் அனுப்பிய பின் தொலைந்தால் நிலை எண்ணைப் பாருங்கள். 301, 302 வந்தால் பிரவுசர்கள் போஸ்ட்டை கெட்டாக மாற்றிவிடுகின்றன. உள்ளடக்கம் போய்விடும், அதிலிருந்த லாகின் விவரமும் போய்விடும். முறை மாறக்கூடாது என்றால் 307 அல்லது 308.

வேறு தளத்திலிருந்து லாகின் முடித்துத் திரும்பும்போது தொலைந்தால் குக்கீயின் சேம்சைட் மதிப்பைப் பாருங்கள். 2020 பிப்ரவரியில் வெளியான குரோம் 80 முதல், மதிப்பு எதுவும் குறிப்பிடாத குக்கீ 'லாக்ஸ்' என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. சாம்ல் முறையில் அடையாளச் சர்வர் பயனரை போஸ்ட்டாகத் திருப்பி அனுப்பும்போது லாக்ஸ் குக்கீ அதோடு சேர்ந்து வராது. மாற்றத்தின் வலியைக் குறைக்க, வைத்து இரண்டு நிமிடம் ஆகாத, மதிப்பு குறிப்பிடாத குக்கீகளை இத்தகைய போஸ்ட்டோடு விடும் சலுகை ஒன்றையும் குரோம் வைத்தது. வேகமாகப் பாஸ்வேர்டு தட்டுபவர் உள்ளே போக, ஓடிபிக்குக் காத்திருந்தவர் வெளியே நிற்கும் விநோதத்துக்கு அதுவே விளக்கம். திரும்பி வரும் அந்த ஒரு குக்கீக்கு மட்டும் 'நன்' மதிப்பும் செக்யூர் குறியும் வையுங்கள். எல்லாக் குக்கீகளுக்கும் வைக்க வேண்டாம்.

செய்யக்கூடாதவை

ஹெடரில் வந்த பெயரை அப்படியே நம்ப வேண்டாம். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு பிராக்ஸி சரிபார்த்து, பின்னால் உள்ள அப்ளிகேஷனுக்கு எக்ஸ்-ரிமோட்-யூசர் போன்ற ஹெடரில் பெயரை அனுப்புவது பரவலான ஏற்பாடு, தன்னளவில் தவறுமில்லை. ஆனால் அந்த ஹெடரை யாரும் கர்லில் தட்டி அனுப்பலாம். வெளியிலிருந்து வரும் அதே பெயருள்ள ஹெடரைப் பிராக்ஸி முதலில் நீக்கிவிட்டு, பிறகு தான் சரிபார்த்த பெயரை வைக்க வேண்டும். அப்ளிகேஷனின் போர்ட்டும் பிராக்ஸிக்கு மட்டுமே திறந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், நிர்வாகியின் பெயர் தெரிந்த எவரும் நிர்வாகிதான்.

அடிக்கோட்டையும் கவனியுங்கள். சிறு கோடு போட்ட ஹெடரும் அடிக்கோடு போட்ட ஹெடரும் அப்ளிகேஷனில் ஒரே மாறியாகிவிடும் என்று பைத்தான் வெப் கட்டமைப்பான ஜாங்கோவின் ஆவணமே எச்சரிக்கிறது. நீங்கள் ஒன்றை நீக்கினால் தாக்குபவர் மற்றதை அனுப்புவார். என்ஜின்எக்ஸ் அடிக்கோடு உள்ள ஹெடர்களை இயல்பாகவே ஒதுக்கிவிடுகிறது. எதற்காகவோ அந்த இயல்பை மாற்றி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

என்ஜின்எக்ஸின் ரிமோட்_யூசர் மாறியைச் சரிபார்க்கப்பட்ட பெயர் என்று எண்ண வேண்டாம். பெயர் ஒன்றாக இருப்பதால் அப்பாச்சியிலிருந்து வருபவர்கள் இதில் ஏமாறுகிறார்கள். ஆத்தரைசேஷன் ஹெடரில் என்ன பெயர் வந்ததோ அதை என்ஜின்எக்ஸ் அந்த மாறியில் தந்துவிடும், பாஸ்வேர்டு கேட்காத இடத்திலும்கூட. பாஸ்வேர்டு விதி இல்லாத லொகேஷனில் இதை அப்ளிகேஷனுக்கு அனுப்பினால், வந்தவர் தன்னைப் பற்றிச் சொன்னதையே நீங்கள் சான்றளித்து அனுப்புகிறீர்கள்.

மேல்நிலையில் எழுதிய பிராக்ஸி ஹெடர் கீழும் செல்லும் என்று விட்டுவிட வேண்டாம். என்ஜின்எக்ஸில் ஒரு லொகேஷனுக்குள் 'பிராக்ஸி_செட்_ஹெடர்' ஒன்றே ஒன்று இருந்தாலும், மேலே எழுதியவை எதுவும் அங்கே வராது. புதிதாக ஒரு ஹெடரைச் சேர்த்த அன்றே பெயர் தொலைந்தது என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

401 பிழைப் பக்கத்துக்கு முழு முகவரி கொடுக்க வேண்டாம். எரர்டாக்குமென்ட் கட்டளையில் எச்டிடிபி என்று தொடங்கும் முகவரியைத் தந்தால், 401-ஐப் பொறுத்தவரை அப்பாச்சி அந்த வரியைப் புறக்கணித்துவிடும். 401-க்குப் பதில் ரீடைரக்ட் அனுப்பினால், பாஸ்வேர்டு கேட்க வேண்டும் என்பதே பிரவுசருக்குத் தெரியாமல் போகும் என்பதே காரணம். உள்ளூர்ப் பாதையை மட்டும் தாருங்கள்.

வேறு ஹோஸ்டுக்கும் பாஸ்வேர்டை அனுப்பு என்று கருவிகளுக்குச் சொல்ல வேண்டாம். கர்லில் 'லொகேஷன்-டிரஸ்டட்' விருப்பத்தைச் சேர்த்ததும் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும். ஆனால் ரீடைரக்ட் எங்கே கூட்டிப்போனாலும் பாஸ்வேர்டும் பின்னாலேயே போகும். கையால் சேர்த்த ஆத்தரைசேஷன் ஹெடரை வேறு ஹோஸ்டுக்கும் கொண்டுபோன குறையை கர்ல் 2018 ஜனவரியில் 7.58.0 பதிப்பில் பாதுகாப்புப் பிழையாகவே திருத்தியது. எச்டிடிபிஎஸ்ஸிலிருந்து எச்டிடிபிக்கு இறங்கும்போதும் ஹெடரை விடாமல் வைத்திருந்த குறையைப் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் அதே ஆண்டு 2.20.0-இல் திருத்தியது. பதிப்பை உயர்த்தியதும் ஸ்கிரிப்ட் நின்றுபோனால் பழைய பதிப்புக்குத் திரும்பாதீர்கள். ரீடைரக்ட் முடியும் முகவரியையே ஸ்கிரிப்டில் நேரே எழுதுங்கள்.

சோதனை நடக்கும்போது 301 வைக்க வேண்டாம். பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் சர்வரில் திருத்திய பிறகும் அது பழைய இடத்துக்கே போய், திருத்தம் பலிக்கவில்லை என்று உங்களை நம்பவைக்கும். முடிவாகும்வரை 302 போதும்.

லொகேஷன் ஹெடரை அனுப்பியதோடு நிரல் நின்றுவிடும் என்று இருக்க வேண்டாம். பிஎச்பியில் அதற்குப் பிறகுள்ள வரிகளும் ஓடும். பெயர் இல்லாதவரை லாகினுக்கு அனுப்பிவிட்டு, கீழே அவருக்கே பக்கத்தைத் தயாரித்தும் தரும். உடனே அடுத்த வரியில் நிறுத்துங்கள்.

பதிவுகளை அப்படியே யாருக்கும் அனுப்ப வேண்டாம். உதவி கேட்கும் அவசரத்தில் கர்ல் வெளியீட்டையும் பிரவுசரின் நெட்வொர்க் பதிவையும் முழுதாக ஒட்டிவிடுகிறோம். பேசிக் முறையில் பாஸ்வேர்டு பேஸ்64 வடிவில்தான் போகிறது. அது மறைகுறியாக்கம் அல்ல, ஒரே கட்டளையில் திரும்பப் படித்துவிடலாம். செஷன் குக்கீக்கு அதுகூடத் தேவையில்லை, நகலெடுத்து ஒட்டினாலே போதும். 2023 அக்டோபரில் ஓக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள் நுழைந்தவர்கள் எடுத்ததும் இதைத்தான்: வாடிக்கையாளர்கள் பிழை கண்டுபிடிக்கத் தந்திருந்த எச்ஏஆர் என்ற நெட்வொர்க் பதிவுக் கோப்புகளும், அவற்றில் இருந்த உயிருள்ள செஷன் டோக்கன்களும். ஆத்தரைசேஷன், குக்கீ, செட்-குக்கீ என்ற மூன்று ஹெடர்களின் மதிப்பையும் அழித்துவிட்டு அனுப்புங்கள். முகவரியில் டோக்கன் இருந்தால் அதையும். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் அந்தப் பாஸ்வேர்டை இன்றே மாற்றி, திறந்திருக்கும் செஷன்களை முடித்துவையுங்கள். சோதனைக்காக மாறிகளையெல்லாம் கொட்டிக்காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கம் ஒன்று வைத்திருந்தால், அதையும் சர்வரிலிருந்து நீக்கிவிடுங்கள்.